நடுத்திட்டுக்கு வந்த கம்பி

நடுத்திட்டு ஒரு தீவு என்பது அங்கே பிறந்து வளர்ந்த ஒருத்தருக்கும் தெரியாது. கல்வராயன் மலையில் மேலேயிருந்து வரும் ஓடை ஒரு பாறை மேட்டில் முட்டி இரண்டாகப் பிரிகிறது. அரை மைல் தள்ளிப் போய் மறுபடி சேர்ந்துகொள்கிறது. நடுவில் மிஞ்சிய மேட்டில் இருபத்திமூன்று வீடுகள். கோடையில் கல்லுக்குக் கல் கால் வைத்துத் தாண்டிவிடலாம். ஐப்பசி பிறந்ததோ இல்லையோ, இரண்டு பக்கமும் செந்தண்ணீர் உருட்டிக்கொண்டு ஓடும். ஊர் உள்ளேயே கிடக்கும். இந்த நிலைமைக்கு ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயர் ‘மாட்டிக்கினோம்’ என்பதுதான். தீவு என்ற மரியாதையான வார்த்தையெல்லாம் பிறகு வந்தது, அதுவும் ஆபீஸ் காகிதத்தில்.

பாலம் வேண்டும் என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்தது. ஊர்க்கவுண்டர் பெரியண்ணன் மனு எழுதி எழுதியே கையெழுத்துத் திருந்திய மனிதர். ஆனால் அவர் பெண்டாட்டி ஆயம்மாளுக்குப் பாலம் என்பது ஊர்க் காரியம் இல்லை, சொந்தக் காரியம். ஒரே மகள் வளர்மதியை ஆவணியில்தான் அடிவாரத்து ஊரில், கள்ளக்குறிச்சிக்கு அரை மணி நேரம் பஸ் இருக்கிற இடத்தில், கட்டிக்கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை குமார் மினிலாரி ஓட்டுகிறவன், தங்கமான பையன். சம்பந்தியம்மா ராஜாம்பாளும் நல்லவள்தான். வாய்தான் ஒளிவுமறைவு தெரியாத வாய். தாலி ஏறி மஞ்சள் காய்வதற்குள் சொல்லிவிட்டாள்:

“மொதப் பிரசவத்துக்குப் பொண்ண அம்மா வூட்டுக்கு அனுப்பறதுதான் மொறை, நான் இல்லன்னு சொல்லல. ஆனா மழைக் காலமா இருந்தா உங்க திட்டுக்கு அனுப்ப மாட்டேன், சம்மந்தியம்மா. வலி எடுத்தா எப்படிக் கொண்டாருவீங்க? பாலத்தக் கட்டுங்க, நானே கொண்டாந்து வுடறேன்.”

நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால்தான் ஆயம்மாளுக்கு வயிறு எரிந்தது. அநியாயமாகப் பேசியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பாள். தன் மகளுக்குத் தன் வீட்டில் தன் கையால் வெந்நீர் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்கு ஒரு பாலம் வேண்டியிருந்தது.

அந்த ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை, பாலம் தேவையா இல்லையா என்று பார்த்து எழுத ஓர் இன்ஜினியர் வந்தார். பேர் தனசேகரன். நாற்பது வயசு இருக்கும். கையில் குடை, முதுகில் பை, பையில் அளக்கிற டேப். அன்றைக்கென்று பார்த்து வானம் வெளுத்துக் கிடந்தது, ஓடையில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. மனுஷன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே தாண்டி வந்தார். “இவ்ளோ ஈஸியா இருக்கே!” என்று வேறு சொன்னார். ஆயம்மாள் வானத்தைப் பார்த்து மனதுக்குள் திட்டினாள்.

இங்கே நடுத்திட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விருந்தாளி வந்து ஒருவாய் சாப்பிட்டுவிட்டால், அவர் ஓடையைத் தாண்டி அக்கரை மண்ணில் கால் வைக்கிறவரை அவர் காதில் வீட்டுக் குறை எதுவும் விழக் கூடாது. குறை கேட்டுக்கொண்டு தின்ற சோறு விருந்தாளி உடம்பில் ஒட்டாது, சமைத்தவளுக்குத்தான் பாவம் என்பது நம்பிக்கை. கடன்காரன் வந்தாலும் இதுதான் சட்டம், மருமகன் வந்தாலும் இதுதான் சட்டம். ஆகவே மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெரியண்ணன் ஒரு திட்டம் போட்டிருந்தார்: முதலில் அளக்கட்டும், மத்தியானம் சாப்பிடட்டும், சாயங்காலம் அக்கரை வரை கூடப் போய், அங்கே வைத்து எல்லாக் குறையையும் கொட்டிவிடலாம்.

வந்தவர் குடிசை குடிசையாகப் பார்த்து, கரையை அளந்து, மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட்டார். இலையில் கை வைத்த நேரத்துக்கு மேற்கே இடி இடித்தது. மோர் ஊற்றிக்கொள்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாலு மணிக்குப் போய்ப் பார்த்தால், காலையில் செருப்பைக் கையில் பிடித்துத் தாண்டிய இடத்தில் ஒரு முழு மரம் வேரோடு மிதந்து போய்க்கொண்டிருந்தது.

ஆயம்மாளுக்கு உள்ளூரக் கொண்டாட்டம். கண்ணால் பார்க்கட்டும் மகராசன், நாம் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று நினைத்தாள். “இன்னும் நாலு மரம் வரட்டும்” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே, விருந்தாளிக்குப் போர்த்திக்கொள்ள நல்ல கம்பளியை எடுத்தாள்.

தப்புக் கணக்கு போட்டாள், பாவம்.

விருந்தாளி ஒருவேளைக்கு என்றால் ஒருவேளைச் சமையல். மாட்டிக்கொண்டுவிட்டார் என்றால் சும்மா விடலாமா? திட்டில் எல்லாரும் அன்றாடம் தின்பது ரேஷன் அரிசி. நிலத்தில் பாதிக்கு மேல் மரவள்ளி போட்டு மில்லுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சாமை என்பது சாமி கும்பிடுகிற அன்றைக்கும் சம்பந்தி வருகிற அன்றைக்கும் மட்டும் பானையிலிருந்து இறங்குகிற பண்டம். அந்தப் பானை இப்போது தினமும் இறங்கியது. ஒருத்தி கொள்ளுக் கடைந்து கொண்டுவந்தாள், இன்னொருத்தி மழைக்குப் பூத்த காளானைப் பறித்துக் குழம்பு வைத்தாள். ஓடை நண்டை இடித்து ஆயம்மாள் வைத்த ரசத்தைத் தனசேகரன் டம்ளரில் வாங்கிக் குடித்தார். வெந்த மரவள்ளிக் கிழங்குக்குத் தேன் தொட்டுக்கொண்டார். அப்புறம் தேனுக்குக் கிழங்கு தொட்டுக்கொண்டார்.

“டெய்லி இதான் சாப்பிடுவீங்களா?” என்று கேட்டார்.

பெரியண்ணன் ஆயம்மாளைப் பார்த்தார். ரேஷன் அரிசியும் புளித்தண்ணியும் என்று சொன்னால் அது வீட்டுக் குறை ஆகிவிடும். “ஆமாங்க சார்” என்றார்.

“அதான் இங்க யாருக்கும் தொப்பையே இல்ல!” என்று தனசேகரன் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் தண்ணீர் கொஞ்சம் தணிந்தது. வீடுகளில் அரிசி தீர்ந்துவிட்டதால் ஆண்கள் வழக்கம்போல லாரி டியூபை ஊதி, இரு கரையிலும் மரத்தில் கயிறு கட்டி, அக்கரையிலிருந்து மூட்டை கொண்டுவரப் போனார்கள். போன வருஷம் இதே டியூப் கவிழ்ந்து ஒருத்தனுக்குக் கை முறிந்தது. அதை யார் சொல்வது? விருந்தாளி பக்கத்திலேயே நிற்கிறார். “நானும் ஒரு ரவுண்டு வரலாமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் பேண்டை மடித்துவிட்டார். அலை டியூபைத் தூக்கிப் போட்டபோது ‘ஹோ’வென்று அவர் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகள் ஓடின. ஒரு ரவுண்டு என்றவர் மூன்று ரவுண்டு போனார். மூட்டைகள் கரையில் காத்திருந்தன.

இக்கரையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்ற ஆயம்மாளிடம், நனைந்த கோழிபோல வந்து நின்று, “காசு குடுத்தாக்கூட இந்த மாதிரி கிடைக்காதும்மா!” என்றார்.

“அப்படிங்களா சார்” என்றாள் ஆயம்மாள். வேறு என்ன சொல்வாள்?

“தண்ணி கம்மியாய்க்கினு வருது சார். டியூபுலயே அக்கரைல எறக்கி வுட்டுர்றோம், வாங்க” என்று பெரியண்ணன் கூப்பிட்டுப் பார்த்தார். சட்டைப் பையில் மனு துடித்துக்கொண்டிருந்தது.

“எதுக்கு அவசரம்? இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேனே. வெள்ளத்துல மாட்டிக்கிட்டேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன்” என்றார் தனசேகரன். திட்டின் உச்சியில் செல்போனுக்கு டவர் எடுக்கிற ஒரே பாறை இருக்கிறது. அதில் ஏறி நின்றுதான் சொல்லியிருக்கிறார். தான் நண்டு கடிக்கிற படத்தையும் அங்கிருந்துதான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஒருவழியாகக் கிளம்பினார். ஊரே டியூபில் ஏறி வழியனுப்ப அக்கரைக்குப் போனது. அவர் பாதம் மண்ணில் பட்டதுதான் தாமதம், நாலு நாளாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே சமயத்தில் வெடித்தது. “சார், பள்ளிக்கூடம்… சார், போன வருசம் கை முறிஞ்சு… சார், ரேசன்…” ஆயம்மாள் எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்து, “சார், எம் பொண்ணு…” என்று ஆரம்பித்தாள்.

ஜீப் காத்துக்கொண்டிருந்தது. தனசேகரன் கண்கலங்கி, பெரியண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒண்ணும் சொல்ல வேணாம்மா. எல்லாத்தையும் என் கண்ணாலயே பாத்துட்டேன். மனசார எழுதுறேன்” என்றார். மனுவையும் மறக்காமல் வாங்கிப் பையில் வைத்தார், ஆயம்மாள் கட்டிக்கொடுத்த தேன் பாட்டிலுக்குப் பக்கத்தில்.

மனசார எழுதுகிறேன் என்றால் ஆயம்மாள் என்ன நினைப்பாள்? அன்றே டவர் பாறையில் ஏறி மகளுக்குப் போன் போட்டு, “பாலம் வந்துடும்டி” என்று சொல்லிவிட்டாள்.

மாசியில் வளர்மதி தலை முழுகவில்லை என்று சேதி வந்தது. விரல் விட்டு எண்ணினால் பிரசவம் ஐப்பசிக் கடைசியில் விழுந்தது. சரியான வெள்ளக் காலம். ஆயம்மாள் கலங்கவில்லை. வைகாசியில் லாரியில் இரும்புத் தூண்கள் வந்து இறங்கியபோது ஊரே ஓடிப்போய் நின்றது. இக்கரையில் இரண்டு, அக்கரையில் இரண்டு, பனைமர உயரத்துக்கு நட்டார்கள். ஆயம்மாள் நாலு தூணுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தாள். நட்டவர்கள் தேங்காய்ச் சில்லை வாங்கித் தின்றுவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

தூணுக்குத் தூண் கம்பி இழுத்தார்கள். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. அதோடு வேலை முடிந்துவிட்டது என்று சாமான்களை ஏற்றத் தொடங்கியதும் பெரியண்ணன் கேட்டார்: “மேல பலகை எப்பங்க போடுவீங்க?”

“எந்தப் பலகை? இது ஜிப்லைன் அய்யா. இடுப்புல பெல்ட்டு கட்டித் தொங்கினா, சர்ருனு அந்தப் பக்கம் போய்டலாம்.”

மறுவாரம் பலகையும் வந்தது, ஆனால் படிக்கிற பலகை. ‘நடுத்திட்டுத் தீவு – இயற்கை உணவு, சாகசப் பயணம்’ என்று பெரிய எழுத்தில். அதன்கீழே சின்ன எழுத்தில்: ‘கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.’

ஊரில் காலேஜ் முடித்துவிட்டுச் சும்மா இருந்த தமிழரசனுக்குக் கம்பியில் ஆள் மாட்டிவிடுகிற வேலை கிடைத்தது. அவன்தான் எங்கிருந்தோ தனசேகரன் எழுதிய அறிக்கையின் நகலை வாங்கிவந்து, எல்லாரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினான்.

“‘மேற்படி தீவு மக்கள் நாள்தோறும் சிறுதானிய உணவு உண்டு ஆரோக்கியத்துடன் வாழ்கின்றனர். நான்கு நாட்கள் உடன் தங்கியிருந்ததில் ஒருவர்கூட எந்தக் குறையும் தெரிவிக்கவில்லை. வெள்ளநீரைக் கடப்பதை இவர்கள் விளையாட்டாகவே கருதுகின்றனர். பாலம் அமைத்தால் தீவின் தனித்தன்மை கெட்டு, இவர்களின் மகிழ்ச்சி பாதிக்கப்படும். எனவே பாலத்துக்குப் பதிலாகச் சுற்றுலாவுக்கான கம்பிவழி அமைக்கப் பரிந்துரைக்கிறேன்.’”

ஆயம்மாள் எழுந்து, “அந்த ஆளுக்கா நான் நண்டு ரசம் வெச்சேன்? வெசத்த வெச்சிருக்கணும்!” என்று மண்ணை வாரித் தூற்றினாள். அந்தக் கம்பியைச் செத்தாலும் தொடுவதில்லை என்று அன்றைக்கே சபதம் எடுத்தாள்.

அவள் தொடாவிட்டால் என்ன, உலகம் தொட்டது. சேலத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சனி ஞாயிறுகளில் கூட்டம் வந்தது. கத்திக்கொண்டே வந்து இறங்கியவர்கள் ‘தீவுச் சாப்பாடு’ கேட்டார்கள். கேட்டால் போடாமல் இருக்க முடியுமா? சாமைப் பானை காலியாகி, கடைசியில் கள்ளக்குறிச்சிக் கடையில் பாக்கெட் சாமை வாங்கி வந்து, கல்வராயன் மலைச் சாமை என்று பொங்கிப் போட்டாள் ஆயம்மாள். சாப்பிட்டவர்கள் டவுனில் இந்த ருசி வருமா என்றார்கள்.

ஐப்பசி வந்தது. வளர்மதிக்கு நிறைமாசம். ஆயம்மாள் வெட்கத்தை விட்டு ராஜாம்பாளிடம் போனில் கெஞ்சிப் பார்த்தாள். “நான் என்ன பண்ணட்டும் சம்மந்தியம்மா? போர்டுலயே போட்டுக்கீது, புள்ளத்தாச்சி ஏறக் கூடாதுன்னு” என்றாள் ராஜாம்பாள். அடுத்த மூச்சிலேயே குரல் இறங்கியது. “நாங்க மட்டும் ஞாயித்துக்கிழம வரலாம்னு இருக்கோம். ஊரே போய்ட்டு வந்து பேசிக்கினு கீது. அந்த நண்டு ரசம்னு சொல்றாங்களே, அது கெடைக்குமா?”

கிடைக்காது என்று எந்தச் சம்பந்தி சொல்வாள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜாம்பாள், இடுப்பில் பெல்ட்டும் தலையில் மஞ்சள் தொப்பியுமாக, சேலையைக் காலுக்கிடையில் இழுத்துச் செருகிக்கொண்டு, குலசாமி பேரையெல்லாம் சொல்லி அலறியபடி கம்பியில் பறந்து வந்து இறங்கினாள். பின்னாலேயே அவள் புருஷன். இறங்கியதும் ராஜாம்பாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “யப்பா! சாவறதுக்குள்ள ஒருவாட்டி இதுல போவணும் சம்மந்தியம்மா!”

ஆயம்மாள் அவளைப் பார்க்கவில்லை. அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குமாரின் மினிலாரிக்குப் பக்கத்தில் வளர்மதி நின்றிருந்தாள். அம்மாவைத் தூரத்திலிருந்தாவது பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்துக் கூட வந்திருக்கிறாள். வயிற்றில் ஒரு கை, இன்னொரு கையைத் தூக்கி ஆட்டினாள். ஓடைச் சத்தத்தில் ஒருவர் கத்துவது ஒருவருக்குக் கேட்கவில்லை. எண்பது அடி தூரம் இருக்குமா? ஆயம்மாளும் கையை ஆட்டினாள்.

உள்ளே போய்ச் சம்பந்திகளுக்கு இலை போட்டாள். ரசத்தை ஊற்றினாள். பிள்ளைத்தாச்சி ஒருத்தி வாசனைக்குக்கூட வழியில்லாமல் அக்கரையில் நிற்கையில், இங்கே ராஜாம்பாள் மூன்றாவது டம்ளர் நீட்டினாள். ஆயம்மாள் அதையும் நிரப்பிவிட்டு, மிச்சத்தைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி மூடி, மேலே சாமைச் சோற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு நேரே தமிழரசனிடம் போனாள்.

“இத அக்கரைக்கு அனுப்புடா.”

“பார்சல் அனுப்ப பர்மிசன் இல்லக்கா. கொக்கில ஆள்தான் மாட்டணும். ஆள் கைல இன்னா இருந்தாலும் கேக்க மாட்டாங்க.”

ஆயம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். மறுநிமிஷம், “மாட்டு” என்றாள்.

“அக்கா, நீங்களா? சபதம்லாம்…”

“மாட்டுடான்னா!”

தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினாள். கால் தரையை விட்டது. காற்று முகத்தில் அறைந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்ல வெட்கமான விஷயம் ஒன்று உண்டு: பாதி வழியில் அவளுக்கு நன்றாகவும் இருந்தது. அந்தத் தனசேகரனைத் திட்ட ஒரு காரணம் குறைந்துவிட்டதே என்று அந்தரத்திலேயே கோபம் வந்தது.

வளர்மதி ஓடையோரப் பாறையில் உட்கார்ந்து தூக்கோடு வாயில் வைத்து ரசம் குடித்தாள். “யம்மா, உப்பு கம்மி” என்றாள். குடிக்கும்போதே அவளுக்குக் கண்ணீர் ஓடியது. ஆயம்மாள் மகள் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தாள். அரை மணியில் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தாள்.

இரண்டு மணிக்குக் காற்று பிடித்தது. காற்று அடித்தால் கம்பியை நிறுத்திவிட வேண்டும் என்று விதி. தமிழரசன் திட்டிலிருந்து ஆயம்மாளைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டினான். மூன்று மணிக்கு மழை. நாலு மணிக்கு ஓடை நிறைந்து, டியூப் கட்டுகிற மரத்தின் அடி முழுகிவிட்டது. சம்பந்தி திட்டில், ஆயம்மாள் கட்டிய சேலையோடு குமாரின் வண்டியில். வேறு வழியில்லாமல் ராஜாம்பாள் வீட்டுக்குப் போய், ராஜாம்பாளின் அடுப்பில் சோறு பொங்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை வளர்மதிக்கு வலி கண்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். வியாழக்கிழமை வீட்டுக்கு அழைத்துவந்து, ராஜாம்பாளின் அண்டாவில் வெந்நீர் வைத்து, ஆயம்மாள் தன் கையால் மகளுக்கு ஊற்றினாள்.

மழை விடவில்லை. வியாழன் சாயங்காலம் டவர் பாறையிலிருந்து ராஜாம்பாள் கூப்பிட்டாள். “கொழந்த எப்படிக் கீது? யாரு ஜாடை?”

ஆயம்மாள் மடியில் பார்த்தாள். கேட்கவே வேண்டாம், ராஜாம்பாளின் மூக்கை அப்படியே பிய்த்து ஒட்டியிருந்தது. எங்கள் வம்சம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது.

“உங்க மூக்குதான் சம்மந்தியம்மா.”

அந்தப் பக்கம் ராஜாம்பாள் ஓவென்று அழுதாள். “எங் கொழந்தய நான் பாக்கலியே! அஞ்சு நாளா இந்தக் காட்டுல… டியூபுல ஏறுன்றாங்க, நான் செத்தாலும் ஏற மாட்டேன். மூணு வேளையும் சாமைய தின்னு தொண்டைல எறங்க மாட்டேன்து. இங்க மனுசன் எப்படிங்க இருக்கறது?”

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தவள் ஆயம்மாள். பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அழுவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். “அழுவாதீங்க. நான் பாத்துக்கறேன். நீங்க வர்ற வரைக்கும் பேரு வெக்க மாட்டோம்” என்றாள். போன் பாதியில் கட்டாகிவிட்டது.

படுத்திருந்த வளர்மதி திரும்பினாள். “யம்மா, பத்து நாளாவது நம்ம வூட்டுல இருக்கணும்மா. எப்பப் போவலாம்?”

“நம்ம வூட்டுக்கா?” ஆயம்மாள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். “அங்க ஏதுடி எடம்? உங்க மாமியாரு பிரசவத்துக்கு வந்தா மாதிரி வந்து படுத்துக்கினு கீறாங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். வளர்மதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலிக்க வலிக்கச் சிரித்தாள். ஆயம்மாளும் கூடவே சிரித்தவள்தான், பாதியில் நிறுத்திவிட்டுக் குழந்தையின் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்தவள் வீட்டு அடுப்பில் வெந்நீர் கொதித்துவிட்டதா என்று பார்க்கப் போனாள்.